பேரேட்டிலிருந்து மடிக்கணினி வரை: அந்தக் காலத்து மெஷின் உண்மையிலேயே உழைத்ததா?

வீட்டுக் கம்ப்யூட்டரை மாற்றலாமா, இன்னும் ஒரு வருடம் ஓட்டலாமா? லிஃப்டிலும் மாலை நடையிலும் இந்தக் கேள்வியைச் சில மாதங்களாக அடிக்கடி கேட்கிறேன். காரணம் இருக்கிறது. 2015 ஜூலை 29 அன்று வெளிவந்த விண்டோஸ் 10 மென்பொருளுக்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நம்மில் பலர் வீட்டில் இருப்பது அந்த விண்டோஸ்தான். போதாக்குறைக்கு அந்தக் கணினிகளுக்கு எட்டு, பத்து வயதாகிவிட்டது. திறந்தால் திறக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. பாதி வேலையில் நீலத் திரையைக் காட்டி நின்றுவிடுகிறது.

நம் சங்க அலுவலகத்தில் இருக்கும் கணினியும் இதே நிலையில்தான் இருக்கிறது. மாதப் பராமரிப்புக் கட்டணக் கணக்கு, கார்பஸ் ஃபண்ட் விவரம், பொதுக்குழுத் தீர்மானங்கள், ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுத்த தொகை என்று பதினோரு வருட விவரம் அந்த ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. கடந்த மழைக்காலத்தில் மட்டும் அது மூன்று முறை படுத்துக்கொண்டது. அடுத்த பொதுக்குழுவில் அதை மாற்றுவது பற்றி முடிவெடுக்க வேண்டும்.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு வாக்கியமும் கூடவே வருகிறது: "சார், அந்தக் காலத்து மெஷின் மாதிரி வருமா? இரும்பு மாதிரி உழைத்ததே!" நான் 1982இல் ஒரு வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, பேரேடு எழுதிய காலம் தொடங்கி எல்லாமே திரையில் நடக்கும் காலம் வரை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். பி.காம். படித்தவனே தவிர பொறியாளன் அல்லன். ஆனாலும் இந்த வாக்கியத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்கு மனமில்லை. பழைய இயந்திரங்களின் கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிட்டு, நம் கேள்விக்கு வருவோம்.

கைப்பிடி சுற்றிய காலம்

நான் சேர்ந்தபோது கிளையில் இருந்த 'கணிப்பொறி' ஃபேசிட். சுவீடன் நாட்டு நிறுவனத்தின் பெயர் அது. எண்களை அழுத்திவிட்டுப் பக்கவாட்டில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் கூட்டும், கழிக்கும். பெருக்க வேண்டுமானால் பலமுறை சுற்ற வேண்டும். மின்சாரம் தேவையில்லை. எண்ணெய் விட்டால் ஆண்டுக்கணக்கில் ஓடும். "இரும்பு மாதிரி உழைத்தது" என்ற புகழுக்கு முழுத் தகுதி உள்ள இயந்திரம் என்றால் இதைச் சொல்லலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஃபேசிட் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றி எண்களை அழித்துவிட்டால், முந்தைய கணக்கு போனது போனதுதான். நினைவு முழுவதும் பேரேட்டில் இருந்தது. அந்தப் பேரேடும் தனியாக நிற்கவில்லை. வாடிக்கையாளர் கொடுத்த வவுச்சர் ஒரு சான்று. பேரேட்டில் எழுதிய வரி இரண்டாவது சான்று. அன்றைய தினசரிப் புத்தகம் மூன்றாவது. ஜெனரல் லெட்ஜர் நான்காவது. போதாததற்கு வாடிக்கையாளர் கையில் பாஸ் புத்தகம். ஒன்று தொலைந்தாலும் மற்றவற்றைக் கொண்டு அதைத் திரும்ப எழுதிவிடலாம். குறிப்பிட்ட இடைவெளியில் எல்லாக் கணக்கு இருப்புகளையும் கூட்டி, ஜெனரல் லெட்ஜர் தொகையோடு ஒப்பிடுவோம். பத்து காசு இடித்தாலும் ராத்திரி எட்டு மணி வரை வீட்டுக்குப் போக முடியாது.

கணக்கு தப்பாமல் இருந்ததற்கு ஃபேசிட்டின் இரும்பு காரணமில்லை என்று இதிலிருந்தே தெரிகிறது அல்லவா? இயந்திரம் பழுதானாலும் கணக்கு நிற்காத ஏற்பாடு ஒன்று அதைச் சுற்றி இருந்தது. அந்த ஃபேசிட் நிறுவனமே 1970களின் தொடக்கத்தில் மின்னணுக் கால்குலேட்டர்களின் போட்டி தாங்காமல் விழுந்தது. நன்றாக உழைக்கும் இயந்திரமும் காலாவதியாகும் என்பதற்கு இது முதல் பாடம்.

வால்வுகள் எரிந்த காலம்

உண்மையான கணினிகளின் தொடக்ககாலத்துக்குப் போனால், நம்பகத்தன்மையின் நிலை இன்னும் மோசம். 1946இல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. பழைய ரேடியோவில் செம்மஞ்சளாக எரியுமே, அந்த வால்வுதான். எடை சுமார் 30 டன். சராசரியாக இரண்டு நாளுக்கு ஒரு வால்வு பழுதாகும். 18,000 வால்வில் எது போனது என்று தேடிப் பிடித்து மாற்றிய பிறகுதான் வேலை தொடரும். ஏற்றி இறக்கும்போதுதான் வால்வுகள் அதிகம் போகின்றன என்று கண்டு, அதை முடிந்தவரை அணைக்காமலே வைத்திருந்தார்கள்.

நம் நாட்டுக்கு முதல் கணினி 1950களின் நடுவில் கல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தது. பிரிட்டனில் செய்த எச்இசி-2எம் என்ற இயந்திரம் அது. பிறகு பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் சொந்தமாகவே ஒரு கணினியைக் கட்டி 1960இல் இயக்கத் தொடங்கியது. 1962இல் அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டியவர் பிரதமர் நேரு. அதிலும் வால்வுகள்தான். 1973இல் நம் சென்னை ஐஐடியில் ஐபிஎம் 370 வகைப் பெரிய கணினி நிறுவப்பட்டது.

இவை எல்லாமே நன்றாக வேலை செய்தன என்றால், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கூட்டமே இருந்தது என்பதுதான் காரணம். குளிரூட்டிய அறை, தனி மின்சார ஏற்பாடு, முழுநேரப் பொறியாளர்கள் எல்லாம் அதற்கு உண்டு. இன்று நம் வீட்டுக் கணினிக்குக் கிடைப்பது மேஜைக்கடியில் ஒரு மூலை, கொசுவலைக்குத் தப்பி வரும் தூசி, மழை வந்தால் துடிக்கும் மின்சாரம். இந்த உபசாரத்தில் அது எட்டு வருடம் ஓடுகிறதென்றால், எதற்கு நாம் 'இரும்பு' என்ற பட்டத்தைக் கொடுக்க வேண்டும்?

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன காலம்

இனி நான் பார்த்த கதை. வங்கிகளுக்குக் கணினி வந்தது எளிதாக நடக்கவில்லை. 1960களிலேயே கல்கத்தாவில் எல்ஐசி ஊழியர்கள் கணினியை எதிர்த்துப் பெரிய போராட்டம் நடத்தியிருந்தார்கள். வேலை போய்விடுமோ என்ற அச்சம் வங்கித் தொழிற்சங்கங்களிலும் பலமாக இருந்தது. 1983இல் வங்கி நிர்வாகங்களுக்கும் சங்கங்களுக்கும் இடையே முதல் ஒப்பந்தம் ஏற்பட்டது. எத்தனை இயந்திரங்கள், எந்த வேலைக்கு என்று அளந்து அனுமதித்தார்கள். 'கணினி' என்ற சொல்லே உறுத்தும் என்பதால் 'இயந்திரமயமாக்கல்' என்ற சொல்லைத்தான் எல்லோரும் பயன்படுத்தினோம். அப்போது ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சி.ரங்கராஜன் தலைமையிலான குழு 1984இல் தந்த அறிக்கை, கிளைகளில் இயந்திரங்களைப் புகுத்தும் வழியைக் காட்டியது. 1987இலும் 1993இலும் அடுத்தடுத்த ஒப்பந்தங்கள் வந்தன.

இப்படி வந்ததுதான் ஏஎல்பிஎம் என்று நாங்கள் சொன்ன மேம்பட்ட பேரேட்டுப் பதிவு இயந்திரம். பெயரைப் பாருங்கள்: அது கணினியேதான், ஆனால் பெயரில் பேரேடு இருக்கிறது. அதற்கென்று கண்ணாடித் தடுப்பு போட்டு, கிளையிலேயே முதல் ஏ.சி.யை அந்த அறைக்குத்தான் மாட்டினார்கள். மேலாளரின் அறையில் மின்விசிறி சுற்றும், இயந்திரத்துக்குக் குளிர் காற்று! உள்ளே போகும்போது செருப்பைக் கழற்ற வேண்டும். பெரிய மேலாளரானாலும் விதிவிலக்கில்லை. வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்து, "உள்ளே என்ன சாமி?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டதுண்டு.

பக்தியோ என்னவோ, அந்த இயந்திரங்கள் அடிக்கடி பழுதாகவும் செய்தன. ஃப்ளாப்பி படிக்காது. பிரிண்டரின் ரிப்பன் சிக்கும். மின்சாரம் துண்டிக்கப்பட்டால் அன்று பதிந்ததில் எது ஏறியது, எது ஏறவில்லை என்று வவுச்சரை வைத்துச் சரிபார்க்க வேண்டும். சேவைப் பொறியாளர் வெளியூரிலிருந்து வர இரண்டு நாளாகும். ஆனாலும் அந்தக் காரணத்தால் ஒரு வாடிக்கையாளரின் பணம் தொலைந்தது என்று நான் கண்டதில்லை. காரணம் மூன்று வழக்கங்கள்.

முதல் வழக்கம், இரட்டை ஓட்டம். புது இயந்திரம் வந்தவுடன் பேரேட்டை மூடிவிடவில்லை. பல மாதங்கள் கையாலும் எழுதினோம், இயந்திரத்திலும் பதிந்தோம். இரண்டு இருப்புகளும் நாள்தோறும் ஒத்துப்போகிறதென்று நிச்சயமான பிறகே கைப்பேரேட்டை நிறுத்தினோம். இரட்டை வேலை என்று முணுமுணுத்தோம்தான். ஆனால் அந்த மாதங்களில்தான் பழைய பேரேட்டில் இருந்த பிழைகளும் வெளிவந்தன.

இரண்டாவது வழக்கம், நகல். மாலையில் கணக்கு முடித்ததும் அன்றைய விவரத்தை ஃப்ளாப்பியில் எடுக்க வேண்டும். திங்கள், செவ்வாய் என்று கிழமை எழுதிய தனித்தனி ஃப்ளாப்பிகள். இன்றைய நகல் பழுதானால் நேற்றையது இருக்கும். ஒரு பிரதி வேறு கட்டடத்துக்குப் போகும். தீ விபத்து ஒரே இடத்தில்தான் நடக்கும் என்ற எளிய தர்க்கம்.

மூன்றாவது வழக்கம், அச்சு. கணக்குகளின் இருப்புப் பட்டியல் தினமும் அச்சாகிவிடும். மறுநாள் காலை இயந்திரம் திறக்கவே இல்லையென்றாலும், அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு கவுன்டரைத் திறந்துவிடலாம்.

தேதிகூட அப்போது பெரிய விஷயம். 1981 ஆகஸ்டில் வந்த முதல் ஐபிஎம் பிசியில் மின்கலத்தால் ஓடும் கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தேதி, நேரத்தை நாமே தட்ட வேண்டும். தேதி தவறினால் வட்டி தவறும். ஆகவே அதைப் பொறுப்பான அதிகாரி பார்த்துச் சரி சொன்ன பிறகே நாளைத் தொடங்குவோம். 1984இல் வந்த பிசி ஏடி வகையில்தான் உள்ளேயே மின்கலம் வைத்தார்கள். அதன் வாரிசு உங்கள் மேஜைக் கணினிக்குள்ளும் காசு வடிவத்தில் இருக்கிறது. கணினியைத் திறந்தால் தேதி பல வருடம் பின்னோக்கிப் போயிருக்கிறதா? பெரும்பாலும் அந்தச் சின்ன மின்கலம் தீர்ந்திருக்கும். அதற்காக யாராவது முழுக் கணினியையும் மாற்றச் சொன்னால், ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள்.

இயந்திரத்தால் நமக்குக் கிடைத்த நன்மையையும் சொல்லாவிட்டால் கணக்கு சரியாகாது. கையால் எழுதிய காலத்தில், சேமிப்புக் கணக்குக்கு வட்டி மாதத்தின் 10ஆம் தேதியிலிருந்து கடைசித் தேதிக்குள் இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான். 11ஆம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாதம் வட்டியில்லை. தினசரி இருப்பைக் கையால் கணக்கிடுவது ஆகாத காரியம் என்பதுதான் காரணம். கிளைகள் எல்லாம் கணினிக்கு மாறிய பிறகு, 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்புக்கு வட்டி தர ரிசர்வ் வங்கி ஏற்பாடு செய்தது. இன்று உங்கள் கணக்கில் விழும் ஒவ்வொரு நாள் வட்டிக்கும் பின்னால் அந்தச் செருப்புக் கழற்றிய அறை இருக்கிறது.

வீட்டுக்குள் வந்த பெட்டி

வீட்டுக் கணினியின் கதை தனி. 1982இல் பிரிட்டனில் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் என்ற சிறு கணினிக்குத் தொலைக்காட்சிப் பெட்டிதான் திரை. விவரத்தைச் சேமிக்கப் பாட்டு கேட்கும் கேசட். ஒரு விளையாட்டை ஏற்ற சில நிமிடங்கள் கீச்சென்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே காத்திருக்க வேண்டும், பாதியில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1984இல் தொடங்கிய மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ வந்தது. நம் குடியிருப்பில் நாற்பதைத் தாண்டியவர்கள் சிலர் முதலில் தொட்ட விசைப்பலகை அதுவாக இருக்கலாம்.

1983இல் வந்த ஐபிஎம் எக்ஸ்டி கணினியின் ஹார்ட் டிஸ்க் கொள்ளளவு 10 எம்பி. உங்கள் கைபேசியில் எடுத்த மூன்று படத்தை வைத்தால் நிறைந்துவிடும். எல்லோருக்கும் தெரிந்த மூன்றரை அங்குல ஃப்ளாப்பியில் அடங்கியது 1.44 எம்பி. ஒரு படம்கூட முழுதாக ஏறாது. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்த பிறகுதான் கணினி நடுத்தரக் குடும்பங்களின் கூடத்துக்குள் நுழைந்தது. பலர் ரிச்சி தெருவில் மதர்போர்டு, மானிட்டர், கேபினட் என்று தனித்தனியாக விலை பேசி, 'அசெம்பிள்' செய்து வாங்கினோம். மாதச் சம்பளக்காரனுக்கு அது பல மாதச் சம்பளம். அதனால்தான் அதற்குத் துணியால் உறை தைத்தோம், ஆயுத பூஜையில் பொட்டு வைத்தோம்.

அந்தக் கணினிகள் உழைத்தனவா? நினைவு நமக்குச் சலுகை காட்டுகிறது. பழுதாகித் தூக்கியெறிந்த பெட்டிகளை நாம் மறந்துவிட்டோம். பரணில் இன்றும் ஓடும் ஒன்றிரண்டைத்தான் சுட்டிக்காட்டுகிறோம். 2000களின் முற்பகுதியில் உலகம் முழுவதும் மதர்போர்டுகளில் ஒரு கொள்ளைநோயே வந்தது. கெப்பாசிட்டர் எனும் சிறு உருளைகளுக்குள் ஊற்றிய திரவத்தின் கலவை சரியில்லாததால், அவை ஓரிரு வருடத்திலேயே உச்சி உப்பி, பழுப்பாகக் கசிந்தன. லட்சக்கணக்கான கணினிகள் காரணம் தெரியாமல் நின்று நின்று ஓடின. வைரஸ் வேறு. 1986இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' வைரஸ் ஃப்ளாப்பி வழியாகவே நாடு நாடாகப் பரவியது.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? அந்தக் காலத்தில் கணினியில் நாம் வைத்திருந்தது குறைவு. பிள்ளையின் பள்ளித் திட்டப்பணி, ஒரு சில கடிதம். கல்யாணப் படம் ஆல்பத்தில், பத்திரம் பீரோவில், வங்கிக் கணக்கு பாஸ் புத்தகத்தில். கணினி செத்தால் எரிச்சல் வரும், ஆனால் எதுவும் தொலையாது. இன்று படமும் பத்திரத்தின் நகலும் வருமான வரிக் கோப்பும் எல்லாம் அதற்குள். இயந்திரத்தின் நம்பகத்தன்மை கூடியிருக்கிறது, அதற்குள் நாம் வைத்திருக்கும் சொத்து அதைவிட வேகமாகக் கூடிவிட்டது. வங்கியில் இயந்திரம் வந்தபோது நகலும் அச்சும் கூட வந்தன. வீட்டுக்கு இயந்திரம் மட்டும் வந்தது, அந்த வழக்கங்கள் வரவில்லை.

நோயில்லாமலே முதுமை

இப்போது புதிய வகை முதுமை ஒன்று வந்திருக்கிறது. கணினி நலமாக இருக்கும், ஆனால் அதற்கு வயதாகிவிட்டது என்று வெளியிலிருந்து சொல்வார்கள். விண்டோஸ் எக்ஸ்பி 2001இல் வந்தது, 2014 ஏப்ரல் 8 அன்று ஆதரவு நின்றது. நம் நாட்டின் ஏடிஎம்கள் பல அதற்குப் பிறகும் எக்ஸ்பியில் ஓடிக்கொண்டிருந்தன. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டு, படிப்படியாக 2019 ஜூனுக்குள் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னது. ஏடிஎம் பணத்தை எண்ணித் தந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதற்கு ஆளில்லை. பூட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் அதன் மாற்றுச்சாவி எந்தத் திருடனிடம் இருக்கிறதென்று தெரியாது என்ற நிலை.

விண்டோஸ் 10க்கும் இன்று அதே நிலைதான். விண்டோஸ் 11க்கு மாற டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லு வேண்டும், செயலியும் ஏறத்தாழ 2018க்குப் பிந்தைய தலைமுறையாக இருக்க வேண்டும். அதற்கு முந்தைய கணினிகள் பலவற்றில் அது முறைப்படி ஏறாது. தனிநபர்கள் பதிவு செய்துகொண்டால் விண்டோஸ் 10க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக் கிடைக்கும். பாட்டுக் கேட்கவும் கடிதம் அடிக்கவும் மட்டும் கணினி வேண்டும் என்பவர்கள், பழைய பெட்டியில் இலவசமான லினக்ஸைப் போட்டு ஓட்டலாம். ஆனால் வங்கிப் பரிவர்த்தனையை, குறிப்பாக நம் சங்கப் பணத்தை, ஆதரவு முடிந்த கணினியில் கையாள்வதை நான் ஆதரிக்க மாட்டேன்.

தொலைந்த எழுத்துகள்

நம் மொழிக்கே உரிய ஒரு இழப்பையும் சொல்ல வேண்டும். 1990களில் தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு எழுத்துருவும் தனிக் குறியீட்டில் இருந்தது. ஒருவர் அடித்ததை இன்னொருவர் திறந்தால் பூச்சி ஊர்ந்ததுபோல் தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு இதை ஒழுங்குபடுத்த முயன்றது. தமிழ்99 விசைப்பலகை அப்போது உருவானதுதான். 2010இல் தமிழக அரசு யுனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்புகளைப் புதுக் கணினியில் திறந்தால், அந்த எழுத்துரு இல்லாதபோது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

நம் சங்கத்தின் முதல் சில வருடத் தீர்மானங்கள் பழைய எழுத்துருவில்தான் அடிக்கப்பட்டன. மோட்டார் அறைக்கு யார் அனுமதி கொடுத்தது, கூடுதல் கார் நிறுத்துமிடம் எந்த நிபந்தனையில் ஒதுக்கப்பட்டது என்று தகராறு வந்தால், அந்தத் தீர்மானங்கள்தான் நமக்குச் சாட்சி. பழைய கணினியைக் கழிப்பதற்கு முன், அவற்றை யுனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றித் தரும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டு வாசிக்கவும் வேண்டும். கையெழுத்திட்ட காகிதப் பிரதி இருந்தால் அதையும் ஸ்கேன் செய்து வைக்கலாம்.

ஆகவே, மாற்றலாமா?

முதலில் சோதனை. அடிக்கடி அணைந்துபோவதற்கு உள்ளே அடைந்த தூசியும் சூடும் காரணமாக இருக்கலாம். திடீரென்று மறுதொடக்கம் ஆவதற்கு மின்வழங்கி, அதாவது எஸ்எம்பிஎஸ், காரணமாக இருக்கலாம். யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் பாருங்கள். மெமரி அட்டையைக் கழற்றி, அதன் தொடுமுனையை ரப்பரால் துடைத்துத் திரும்பச் செருகினாலே சரியான கணினிகள் உண்டு. மந்தம்தான் குறை என்றால், சுழலும் ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் சில ஆயிரம் ரூபாயில் கணினிக்கு மறுபிறப்பு. ஆனால் ஹார்ட் டிஸ்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம். அன்றே நகல் எடுங்கள். எஸ்எஸ்டி அந்த எச்சரிக்கையைக்கூடத் தராது, ஒருநாள் காலையில் மௌனமாகிவிடும்.

மாற்றுவதென்று முடிவு செய்தால், வங்கியின் மூன்று வழக்கங்களையும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

இரட்டை ஓட்டம்: புதியது வந்த அன்றே பழையதைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாதம் இரண்டும் இருக்கட்டும். டிஜிட்டல் கையொப்பம், பிரிண்டர், வருமான வரிக் கோப்பு, பழைய மின்னஞ்சல் எல்லாம் புதியதில் வேலை செய்கிறதா என்று பட்டியல் போட்டுச் சரிபாருங்கள். சங்க அலுவலகத்துக்கு நான் கேட்பது மூன்று மாதம். ஒவ்வொரு மாதமும் இரண்டு கணினியிலும் வசூல் தொகை ஒத்துப்போக வேண்டும்.

நகல்: முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதிகள். கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு இடத்தில் ஒன்று. அந்த வேறு இடம் இணையச் சேமிப்பாகவும் இருக்கலாம், மகள் வீட்டு அலமாரியாகவும் இருக்கலாம். எடுத்த நகலை ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று கணக்கில் எழுத முடியாது.

அச்சு: காப்பீட்டு எண்கள், வைப்புத்தொகை விவரம், நாமினி பெயர், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பு. இவற்றை ஒரு தாளில் அச்சிட்டுப் பீரோவில் வையுங்கள். நமக்கு ஒன்று ஆனால், வீட்டில் இருப்பவர்கள் கடவுச்சொல் தெரியாமல் கணினி முன் உட்கார்ந்திருக்கக் கூடாது. வங்கிக் கவுன்டரில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். கணவர் போன பிறகு எந்தக் கிளையில் என்ன இருக்கிறதென்றே தெரியாமல் வந்து நின்ற பெண்கள் ஏராளம். அவர்களுக்குக் கடைசியில் வழிகாட்டியது ஏதோ ஒரு காகிதம்தான்.

பழைய பெட்டியைக் கழிக்கும்போது, கோப்பை அழித்தால் மட்டும் போதாது. அழித்ததை மீட்டெடுக்க முடியும். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது முழுமையாகத் துடைக்கும் மென்பொருளால் துடையுங்கள். பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். அதில் ஈயமும் வேறு நச்சுப் பொருள்களும் இருக்கின்றன. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போய்ச்சேர வேண்டும். பத்து வீட்டார் சேர்ந்து கொடுத்தால் அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள். சங்கம் இதை ஏற்பாடு செய்யலாம் என்பது என் யோசனை.

சங்கக் கணினியைப் பொறுத்தவரை என் வாக்கு மாற்றுவதற்கே. ஆனால் புதுக் கணினியின் விலைப்புள்ளியோடு, நகல் எடுக்க யார் பொறுப்பு, எந்தக் கிழமை எடுப்பது, இரண்டாவது பிரதி யார் வசம் இருக்கும் என்ற மூன்று வரியையும் தீர்மானத்தில் சேர்க்கக் கேட்பேன். அந்த மூன்று வரி இல்லாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இன்னும் எட்டு வருடம் கழித்து நாம் இதே கூட்டத்தில் இதையே பேசிக்கொண்டிருப்போம்.

கடைசியாக ஒரு தகவல். என்னிடம் யுஎஸ்பியில் செருகும் ஃப்ளாப்பி டிரைவ் ஒன்று இருக்கிறது. பரணில் மூன்றரை அங்குல ஃப்ளாப்பிகள் வைத்திருப்பவர்கள் இந்த மாதம் எந்த ஞாயிறு காலையிலும் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவரலாம். படிக்க முடிந்ததைப் பென் டிரைவில் ஏற்றித் தருகிறேன். பென் டிரைவ் மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள், முடிந்தால் இரண்டாக.